வாஷி லோடா, இந்தூர் லோடா? ஒற்றை லாரி உரிமையாளரின் வாடகைக் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் ஒரே ஒரு லாரி வைத்துத் தானே ஓட்டும் உரிமையாளருக்கு, ஜவ்வரிசி சீசனில் ஒரே காலையில் இரண்டு போன் வருவது வழக்கம். நவி மும்பை வாஷிக்கு 18 டன், டன்னுக்கு ரூ.3,800 என்கிறது, லாரிகளுக்கு லோடு பிடித்துத் தரும் ஒரு புக்கிங் ஆபீஸ். இன்னொன்று இந்தூருக்கு அதே 18 டன், டன்னுக்கு ரூ.5,100 என்கிறது. டன்னுக்கு ரூ.1,300 கூட வருகிறதே என்று பலரும் இந்தூர் லோடை ஒப்புக்கொள்வார்கள். அது சரியா, எப்போது சரி, லோடு கொடுப்பவரை எப்படி எடைபோடுவது என்பதையே இங்கே பார்க்கிறோம்.

வண்டி 10 சக்கர லாரி. மொத்த எடை 28 டன், பாடியோடு வெறும் வண்டி 10 டன், ஏற்றக்கூடியது 18 டன். கீழே வரும் வாடகையும் செலவும் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்துக்கொண்ட எண்கள். டீசல் விலையும் சீசனும் மாறும்போது இவையும் மாறும். உங்கள் வண்டியின் எண்களைப் போட்டால் விடை வேறாகலாம். போடும் முறை மாறாது.

நிற்கும் வண்டியின் செலவு

லோடு பேசும் முன்பு கையில் இருக்க வேண்டிய முதல் எண், வண்டி ஒரு நாள் நின்றால் ஆகும் செலவு. மாதத் தவணை ரூ.69,000. இன்சூரன்ஸ், நேஷனல் பெர்மிட், காலாண்டு வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை எல்லாவற்றையும் ஆண்டுக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ.12,000. மொத்தம் 81,000, நாளுக்கு ரூ.2,700. இதோடு டிரைவர், கிளீனர் பேட்டா ரூ.1,500 சேர்த்தால் ரூ.4,200. தானே ஓட்டுவதால் டிரைவர் கூலி மிச்சம் என்று அதைக் கணக்கில் விடுவது இந்தத் தொழிலில் பரவலான தவறு. உடம்பு சரியில்லாமல் வேறு டிரைவரைப் போட வேண்டிய மாதத்தில்தான், அதுவரை லாபமாகத் தெரிந்தது தன் கூலிதான் என்று புரியும்.

இந்த 4,200-ஐ 18 டன்னால் வகுத்தால் 233 வருகிறது. ரிட்டர்ன் லோடுக்காக ஒரு நாள் கூடக் காத்திருந்தால் வாடகை டன்னுக்கு ரூ.233-க்கு மேல் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காத்திருப்பு நஷ்டம். காலி ஓட்டத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு. காலி வண்டி லிட்டருக்கு ஐந்தரை கி.மீ. கொடுத்தால் டீசல், டோல், டயர் தேய்மானம் சேர்த்து கிலோமீட்டருக்குச் சுமார் ரூ.27. நூறு கி.மீ. காலியாகப் போவதன் விலை டன்னுக்கு ரூ.150. இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருந்தால் போனிலேயே பேசி முடிக்கலாம்.

இரண்டு லோடும் கணக்கில்

முதலில் வாஷி. பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாகப் போக 1,190 கி.மீ. இறக்கிவிட்டு வெங்காயம் ஏற்ற நாசிக் மாவட்டத்துப் பிம்பல்காவுக்குக் காலியாக 190 கி.மீ. அங்கிருந்து சேலம் 1,285. ஆக மொத்தம் 2,665 கி.மீ., 12 நாள். காலியும் லோடும் கலந்து லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் 666 லிட்டர், லிட்டர் ரூ.92 வீதம் டீசலுக்கு ரூ.61,300. புகை மாசைக் குறைக்க ஊற்றும் யூரியா கரைசல் 2,000, டோல் 16,000, டயருக்கும் சர்வீஸுக்கும் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் வீதம் 10,700, பேட்டா 18,000, எடை மேடை, பார்க்கிங், சில்லறைச் செலவு 4,000, இரண்டு பக்கமும் புரோக்கர் கமிஷன் 3,000. நாளுக்கு 2,700 வீதம் பன்னிரண்டு நாள் நிலைச்செலவு 32,400. எல்லாம் சேர்ந்து ரூ.1,47,400.

வரவு: போக 68,400. வர, வெங்காயம் டன்னுக்கு 4,600 வீதம் 82,800. கூட்டினால் 1,51,200. கையில் நிற்பது ரூ.3,800, அதோடு தன் பேட்டா.

இனி இந்தூர். போகும் தூரம் 1,680 கி.மீ. ரிட்டர்னுக்குத் தெரிந்த ஆபீஸ் நாசிக்கில்தான் என்றால், இந்தூரிலிருந்து துலே வழியாகப் பிம்பல்காவுக்கு 390 கி.மீ. காலி. பிறகு அதே 1,285. வாஷிப் பயணத்தைவிட 690 கி.மீ. கூடுதல், இரண்டு நாள் கூடுதல். அதற்கான டீசல், டோல், டயர், பேட்டா, நிலைச்செலவு சேர்ந்து ரூ.31,600. கூடுதல் வாடகையோ 23,400 மட்டும். ஆக, டன்னுக்கு 1,300 ரூபாய் அதிகம் தந்த லோடு ரூ.8,200 குறைவாக முடிகிறது. 3,800 லாபம் இருந்த இடத்தில் 4,400 நஷ்டம்.

அதே இந்தூரில் பூண்டோ சோயா புண்ணாக்கோ டன்னுக்கு 5,700 வீதம் தமிழ்நாட்டுக்கு நேர் லோடாகக் கிடைத்தால் கதை மாறிவிடும். ஓடும் தூரம் ஏறக்குறைய அதேதான், வரவு மட்டும் 19,800 கூடும், கையில் ரூ.15,400 நிற்கும். அதனால் இந்தூர் நல்ல லோடா, கெட்ட லோடா என்பதைச் சேலத்து ஆபீஸால் சொல்ல முடியாது. அதை முடிவு செய்வது, இந்தூரில் போன் எடுக்கும் ஒரு புக்கிங் ஆபீஸ் உங்களுக்கு இருக்கிறதா என்பது. போகும் லோடைத் தேர்ந்தெடுக்கும்போதே வண்டி எந்த ஊரில் காலியாகும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

லோடு வரும் வழிகள்

பெரும்பான்மை லோடு இன்றும் புக்கிங் ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. ஒற்றை லாரிக்காரர் ஆலைக்கே நேராகப் போய்க் கேட்டால் கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஆலைக்குத் தினமும் வண்டி வேண்டும், வாடகைக்குக் கடன் வேண்டும், சரக்கு காணாமல் போனால் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மூன்றையும் ஆபீஸ் கொடுக்கிறது. கமிஷன் அதற்கான விலை. கமிஷனை மட்டும் பார்த்து ஆபீஸைத் தேர்ந்தெடுப்பது தப்பு. ஆயிரம் ரூபாய் கூட எடுத்துக்கொண்டு, அட்வான்ஸ் போக மீதி வாடகையான பேலன்ஸைப் பத்தாம் நாள் கொடுப்பவர், கமிஷனே வேண்டாம் என்று சொல்லி மூன்று மாதம் இழுப்பவரைவிட மேல்.

ஆபீஸுக்குப் பின்னால் இன்னோர் ஆபீஸ் இருக்கிறதா என்பதும் முக்கியம். சரக்குக்காரர் ஒரு டிரான்ஸ்போர்ட்டிடம் கொடுக்க, அவர் ஒரு புரோக்கரிடம் சொல்ல, அந்தப் புரோக்கர் இன்னொருவரிடம் தள்ள, மூன்றாவது ஆள் உங்களுக்குப் போன் செய்திருக்கலாம். சங்கிலி நீண்டால் வாடகை தேய்வது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை, பேலன்ஸுக்கு யாரைக் கேட்பது என்பதே தெரியாமல் போவது. ‘எல்.ஆர். யார் பேரில்?’ என்ற ஒரே கேள்வி போதும். எல்.ஆர். என்பது சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு டிரான்ஸ்போர்ட் தரும் லாரி ரசீது. எல்.ஆர். போடும் டிரான்ஸ்போர்ட்டின் பேரும் போன் எண்ணும் சொல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

மொபைல் ஆப்கள் வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. பிளாக்பக் 2015-இல் தொடங்கி 2024 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் முதன்மை வருமானம் ஃபாஸ்டேக், ஜி.பி.எஸ். போன்ற சேவைகளிலிருந்து வருகிறது. ஆப்பில் வரும் லோடு பலவும் ஏதோ ஓர் ஊர்ப் புரோக்கர் போட்டதுதான். ஆனால் இரண்டு காரியத்துக்கு ஆப் உண்மையிலேயே உதவும்: இன்றைய வாடகை எவ்வளவு போகிறது என்று ஒவ்வோர் ஊருக்கும் பார்த்துக்கொள்ளவும், ஆள் தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டால் முதல் போன் எண்ணைப் பிடிக்கவும். வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். அங்கே ஒரு எச்சரிக்கை: லோடு தருவதாகச் சொல்லி ‘கேட் பாஸ்’, ‘பதிவுக் கட்டணம்’, ‘டெபாசிட்’ என்று லாரிக்காரரிடம் முன்பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர். அட்வான்ஸ் சரக்குப் பக்கத்திலிருந்து வண்டிக்கு வருவது; எதிர்த்திசையில் போகவே போகாது.

வண்டியைக் கம்பெனியில் அட்டாச் செய்வது, அதாவது அவர்களுக்கே தொடர்ந்து ஓட்ட ஒப்பந்தம் போடுவது, நான்காவது வழி. லோடு நிச்சயம், அலைச்சல் குறைவு. பணம் மட்டும் 60 நாள் கழித்து வரும். 60 நாளில் ஐந்து ட்ரிப். ஒரு ட்ரிப்புக்கு ஓட்டச் செலவு மட்டும் ரூ.1,12,000 என்றால், முதல் பில் பாஸாகும் முன்பு ரூ.5,60,000 கைக்காசு போட்டிருக்க வேண்டும், மாதத் தவணை தனி. அவ்வளவு கைமுதல் இல்லாதவர் அட்டாச் செய்தால் வட்டிக்கு வாங்கித்தான் டீசல் அடிப்பார். அந்த வட்டியையும் டன்னால் வகுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

சிமென்ட் ஆலை, ரயில்வே கூட்ஸ் ஷெட் போன்ற இடங்களில் உள்ளூர்ச் சங்கத்தின் முறைப்படி வரிசையில் நின்று ஏற்றுவது உண்டு. வெளியூர் வண்டிக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. ஊரோடு ஓட்டிக்கொண்டு தினமும் வீடு திரும்ப நினைப்பவருக்கு அது பொருந்தும்.

வண்டியை அனுப்பும் முன்பு போனில் பேசி முடிக்க வேண்டியவை

எத்தனை டன், எத்தனை மூட்டை, ஏற்றும் இடம் ஒன்றா இரண்டா, இறக்கும் இடம் எத்தனை? வாடகை டன் கணக்கா, முழு வண்டிக் கணக்கா? டன் கணக்கு என்று பேசிவிட்டு 16 டன் மட்டும் ஏற்றி அனுப்பினால் வாஷி வாடகையில் ரூ.7,600 போயிற்று, அதனால் ‘குறைந்தது 18 டன்னுக்கு வாடகை’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு, அதில் டீசலுக்கான பங்க் ஸ்லிப் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு? பேலன்ஸ் இறக்கும் இடத்திலா, ஆபீஸிலா, எந்தக் காகிதத்தைக் கொடுத்தால்? ஏற்று கூலி, இறக்கு கூலி யார் தலையில்? இறக்க வேண்டிய நாள் தாண்டி நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) நாளுக்கு எவ்வளவு? பேசியதையெல்லாம் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக எழுதி அனுப்பி, எதிர்ப்பக்கம் ‘ஓகே’ போடும்வரை வண்டியை ஆலைக்குள் விட வேண்டாம். உள்ளே போய் எடை போட்ட பிறகு பேரம் பேசும் பலம் போய்விடும்.

‘இரண்டு டன் சேர்த்து ஏற்றிக்கோங்க’ என்ற பேச்சும் அப்போதுதான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு ரூ.20,000, அதோடு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000. இரண்டு டன்னுக்கு அபராதம் 24,000. கிடைக்கும் கூடுதல் வாடகை 7,600. கூடுதல் சரக்கை இறக்கி வைத்துவிட்டுத்தான் போக முடியும், அந்தச் செலவு தனி. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது லாரிகளின் கொள்ளளவே கூடிப்போனது. லோடு அதே அளவில் கூடாததால் வாடகை அடிவாங்கியது. அதற்கு மேலும் ஓவர்லோடு ஏற்றுபவர், அடுத்த வண்டியின் லோடையும் தன் வாடகையையும் சேர்த்தே குறைக்கிறார்.

காகிதம்

ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு, ஜி.எஸ்.டி. சட்டப்படி சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும். ஒவ்வொரு 200 கி.மீ.க்கும் ஒரு நாள் செல்லுபடியாகும் என்ற கணக்கு 2021 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது; வாஷியின் 1,190 கி.மீ.க்கு ஆறு நாள். வழியில் கியர்பாக்ஸ் போய் நின்றுவிட்டால், காலாவதியாகும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரைதான் நீட்டிக்க முடியும். ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுத்து நீட்டித்துக் கொடுக்கக்கூடிய ஆபீஸா என்பதும் ஆபீஸைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களில் ஒன்று. நீட்டிக்காமல் பிடிபட்டால் ஜி.எஸ்.டி. சட்டம் 129-ஆம் பிரிவின்படி சரக்கோடு வண்டியையும் நிறுத்தி வைக்கலாம். சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தால் வரியைப் போல 200 சதவீதம் அபராதம். அவர் கட்டும்வரை நாளுக்கு 4,200 உங்கள் கணக்கில் ஓடும்.

இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணை ஆலைக் குமாஸ்தா தட்டச்சு செய்கிறார். கேட்டைத் தாண்டும் முன்பு ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். ஓரிரு எழுத்தோ எண்ணோ மாறியிருந்தால் சிறு பிழையாகக் கருதி மத்திய, மாநில வரிக் கணக்கில் தலா ரூ.500 மட்டும் அபராதம் போடலாம் என்று 2018 செப்டம்பர் 14-ஆம் தேதிச் சுற்றறிக்கை எண் 64 சொல்கிறது. அந்தச் சுற்றறிக்கையின் நகல் மொபைலில் இருப்பது நல்லது. செக்போஸ்டில் வாதம் செய்வதைவிட அதை எடுத்துக் காட்டுவது வேகமாக வேலை செய்யும்.

எல்.ஆர். உங்கள் பேரில் போட வேண்டாம். போட்டால் ஜி.எஸ்.டி.யில் நீங்களே சரக்குப் போக்குவரத்து முகமை ஆகிவிடுவீர்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன் கீழ்ப் பதிவும் பொறுப்பும் வந்து சேரும். வண்டியை டிரான்ஸ்போர்ட்டுக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தால் அந்த வாடகைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு டிக்ளரேஷன் எழுதிக் கொடுத்தால் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடிக்கக் கூடாது. கேட்காமலே கொடுத்துவிட்டால் பேலன்ஸில் வெட்டு விழாது.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

ஜவ்வரிசிக்கு எதிரி ஈரம். பாடித் தளத்தில் போல்ட் தலை தூக்கிக்கொண்டிருந்தால் அடி மூட்டை கிழியும். பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே பழைய சாக்கை விரித்துவிட்டுத்தான் முதல் வரிசை அடுக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கோலாப்பூர், சாத்தாரா பக்கம் மழை விடாது. தார்ப்பாய் இரட்டையாகப் போட்டாலும் பின்கதவின் இரு மூலையில் மடிப்பில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும். ஷார்ட்டேஜ் (சரக்குக் குறைவு) என்று வாடகையில் வெட்டப்படுவது பெரும்பாலும் அந்த மூலை மூட்டைகள்தான். ஏற்றும்போது மூட்டையை நீங்களே எண்ணி, எண்ணிக்கையை எல்.ஆர். நகலில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்றிய எடைச் சீட்டைத் தனியே போட்டோ எடுத்து வையுங்கள்.

வாஷி மார்க்கெட்டுக்குத் திங்கள் காலை போய்ச் சேரும்படி வியாழன் இரவு சேலத்தை விட்டால், வழியில் ஒரு பஞ்சர், ஒரு டிராஃபிக் ஜாம் வந்தாலும் வாரத்துக்குள் இறக்கிவிடலாம். சனி மாலை போய்ச் சேர்ந்தால் ஞாயிறு முழுக்க வீண். அங்கே இறக்குவது மாத்தாடித் தொழிலாளர்கள். 1969-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டத்தின்படி வாரியத்தில் பதிவு பெற்றவர்கள். கூலி சரக்கு வாங்குபவரின் செலவு. அதற்கு மேல் ‘வாரை’ என்று டிரைவரிடமும் பணம் கேட்பது பழைய தகராறு. சரக்கு யாருடையதோ கூலியும் அவருடையதே என்பது லாரி உரிமையாளர் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. சேலத்தில் வாடகை பேசும்போதே ‘வாரை உள்பட எதுவும் வண்டி மேல் இல்லை’ என்று எழுதி வாங்கியிருந்தால், அங்கே கொடுக்க நேர்ந்ததைச் சீட்டோடு திருப்பிக் கேட்கலாம்.

ரிட்டர்னுக்குப் போன் போடத் தொடங்கும் இடம் கோலாப்பூர். இறக்கிய பிறகு தேடினால் ஒரு நாள் போச்சு. நான்கு நாள் முன்பே கேட்டால் யாரும் உறுதி தரமாட்டார்கள். நாசிக் பக்கம் இரண்டு ஆபீஸ், புனேயில் ஒன்று என்று மூன்று பேரிடம் கேட்டு, வெங்காயத்தோடு கோலாப்பூர்ச் சர்க்கரையையும் மாற்றாக வைத்துக்கொள்வது நல்லது. வெங்காயத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 சாட்சி. ஆகஸ்டில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டதும் லாசல்காவ் வட்டாரத்து வியாபாரிகள் ஏலத்தை நிறுத்தினார்கள். டிசம்பர் 8-இல் ஏற்றுமதிக்கே தடை வந்தபோது மறுபடியும் குழப்பம். ஏலம் நின்றால் வண்டி நிற்கும். நாசிக் மார்க்கெட் செய்தியைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்வது, டீசல் விலையைப் பார்ப்பதைப் போலவே அவசியம்.

வெங்காயத்துக்கு ஜவ்வரிசியின் தார்ப்பாய் முறை ஆகாது. காற்று வேண்டும். பக்கவாட்டில் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டி, முன்பக்கம் கேபினுக்குப் பின்னால் இடைவெளி விட வேண்டும். மழை வந்தால் மேலே மூடி, பின்புறம் திறந்திருக்கட்டும். வழியில் ஈரம் வற்றி எடை குறைவது இயல்பு. எத்தனை கிலோ வரை குறைந்தால் வெட்டு இல்லை என்று எல்.ஆரிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் இறக்கும் மண்டியில் எடைக்குறைவு முழுவதும் வாடகையில் கழியும்.

பேலன்ஸ்

இறக்கிய உடனே எல்.ஆர். நகலில் சீல், கையெழுத்து, தேதி, நேரம் நான்கும் இருக்க வேண்டும். நேரம் இல்லாவிட்டால் ஹால்டிங் கேட்க வழியில்லை. மூட்டை குறைவு என்று எழுதினால், எத்தனை, எந்த நிலையில் என்று தெளிவாக எழுதச் சொல்லி, அந்த மூட்டையையும் பின்கதவு மூலையையும் போட்டோ எடுங்கள். வெறுமனே ‘டேமேஜ்’ என்று எழுதிய பி.ஓ.டி. (சரக்கு சேர்ந்ததற்கு அத்தாட்சியான அந்த எல்.ஆர். நகல்) வெற்றுக் காசோலைக்குச் சமம். இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அன்றே ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு, அசலைப் பதிவுத் தபாலிலோ நேரிலோ கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ‘பி.ஓ.டி. வரவில்லை’ என்பதுதான் பேலன்ஸை இழுக்க முதலில் சொல்லும் காரணம்.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். பதிவு இருந்தால் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை வைத்திருக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் மனுப் போடலாம். அப்படி நிலுவை வைத்த தொகையை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியும் 2023-24 நிதியாண்டிலிருந்து சேர்ந்திருக்கிறது. கணக்குத் தணிக்கை செய்யும் பெரிய டிரான்ஸ்போர்ட்களில் இது நன்றாக வேலை செய்கிறது. மூன்றாவது கைப் புரோக்கரிடம் வேலை செய்யாது. அதனால் பில்லிலும் வாட்ஸ்அப் உறுதிச் செய்தியிலும் உத்யம் எண்ணை முதல் லோடிலிருந்தே போட்டுவிடுங்கள். ஆபீஸ்வாரியாக ஒரு நோட்டில் பி.ஓ.டி. கொடுத்த தேதி, பேலன்ஸ் வந்த தேதி, வெட்டிய தொகை, வெட்டிய காரணம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ஆறு ட்ரிப் ஓடினால் எந்த ஆபீஸ் பேசும் டன்னுக்கு 3,800 வாடகை உண்மையில் 3,800, எதனுடையது 3,500 என்று அந்த நோட்டில் தெரியும். அடுத்த முறை இரண்டு போன் ஒன்றாக வரும்போது அந்த 3,500-ஐ வைத்துத்தான் பேச வேண்டும்.